உலைக்கு இன்று யார் முறை?

பட்டியலில் ஆறு பெயர்கள். வந்து நின்றவர்கள் இரண்டு பேர்.

காலை ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லின் வாசல். கைரேகை வைக்கும் மிஷினுக்கு மேலே நான் ஒட்டிய தாள், ஒரு மூலை பெயர்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் முனிரத்தினம் அந்தத் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். மற்ற நாலு பெயருக்கும் பதில் இல்லை.

"இன்னா மேடம் இது? ஃபர்னஸ் வாய்க்கு ஆறு பேரு வோணும். ரெண்டு பேருதான் வந்துகீறான். மீதி நாலு பேரை உங்க கம்ப்யூட்டரு பெத்துக் குடுக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஃபர்னஸ் வாய் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரும்புத் துண்டுகளை உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டினால் கம்பி. காய்ந்த துண்டை நீளமான இடுக்கியால் உலையின் வாயிலிருந்து இழுத்துவிட வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஆறு பேர் மாறி மாறி அங்கே நிற்பார்கள். அரை மணி நேரம் நின்றால் பனியனைப் பிழியலாம். பத்தடி தள்ளி நின்ற எனக்கே புருவம் பொசுங்குவதுபோல் இருந்தது.

அங்கே நிற்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள் என்பது பார்த்த உடனே தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் நான் செய்த முட்டாள்தனத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நான் ஒருத்திதான் கம்பெனி

போன வாரம் வேலையை விட்ட கதையோடு நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கும்மிடிப்பூண்டியில் வேறொரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் ஆறு வருடம் இருந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்க்கிற இடம் அது. பொன்னேரியில் பி.சி.ஏ. படித்தவள் என்பதால் ஆறு வருடமும் ஒரே எரிச்சல். இதையெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் செய்துவிடுமே, நான் எதற்கு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஸ்கேலை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பொன்னேரியில் ஒரு வாடகை வீட்டின் முன் அறை, பழைய மேஜை ஒன்று, லேப்டாப் ஒன்று. முதலாளி, புரோகிராமர், சேல்ஸ், டீ வாங்கி வருகிற ஆள் எல்லாம் நானேதான். கையில் இருந்த சேமிப்பு வாடகைக்கும் சோற்றுக்கும் சில மாதம் தாங்கும். வெளியாரிடம் முதலீடு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் யார் தரப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பழைய ஆபீசில் என் மேலதிகாரி நல்ல மனிதர். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் உன் சீட்டுக்கு ஆள் எடுக்கலைம்மா. தோணுச்சுன்னா வந்துடு," என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நல்ல மனசுதான் என்னை ஒரு இடத்தில் உட்காரவிடாமல் அடித்தது. திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கால் அந்தப் பக்கமே இழுக்கும்.

இந்த நிலையில்தான் கம்பி மில்லின் பிளான்ட் மேனேஜர் சீனிவாசன் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அதுவரை அங்கே முனிரத்தினம் தினமும் காலையில் வாசலில் நின்று, "நீ ஃபர்னஸு, நீ கம்பிக் கட்டு கட்டப் போ, நீ யார்டு" என்று விரலைக் காட்டுவார். வேண்டியவனுக்கு நிழல், வேண்டாதவனுக்கு உலை என்று தினமும் சண்டை.

"எனக்கு இந்தச் சண்டை நிக்கணும். ஒரு மாசம் ஓடட்டும். நல்லா ஓடுச்சுன்னா வருஷ கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறேன். எங்க குரூப்ல இன்னும் ரெண்டு யூனிட் இருக்கு, அங்கயும் சொல்றேன்," என்றார் சீனிவாசன்.

ஆக, அவர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி. போடாவிட்டால் பழைய நாற்காலி, பழைய ஸ்கேல். நடுவில் வேறு எதுவும் இல்லை.

குதிரைத்திறன் எவ்வளவு?

இந்த இடத்தில் திருவள்ளூர் போன கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

பொன்னேரிக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் மாவட்டத் தலைநகருக்கு நாங்கள் ரயிலில் போக வேண்டுமென்றால், முதலில் மாவட்டத்தை விட்டே வெளியேறிச் சென்னைக்குப் போய், அங்கே வேறு ரயில் பிடித்து மறுபடி மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். பஸ்ஸிலும் போகலாம். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கடன் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவத்தில் ஒரு கட்டம்: எந்திரத்தின் குதிரைத்திறன்.

"எந்திரம் லேப்டாப்தான் சார்," என்றேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே யோசித்தார். "கட்டத்தைக் காலியா விடக் கூடாதும்மா. மிக்சிக்கு என்ன போடுவாங்களோ அதைப் போட்டுக்குங்க. ஷெட் போட்டோ ஒண்ணு கொண்டு வந்துடுங்க."

"ஷெட் இல்ல சார். முன் ரூம்தான்."

"அப்போ அதையே வெளியில நின்னு எடுத்துடுங்க."

அரை குதிரை என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். திரும்பி வரும்போது சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு நின்ற நேரத்தில் அந்தப் படிவத்தை நாலாக மடித்துப் பையின் அடியில் போட்டேன். அதன் பிறகு அதை எடுக்கவே இல்லை. கடன் ஒரு பைசா வாங்காமல் தொழில் நடத்தியவள் என்று இன்று என்னை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால், இன்னொரு முறை அந்த ரயில் மாற அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

ஏரியில் எழுதிய பட்டியல்

பட்டியல் போடுவது எனக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். கல்லூரியில் வந்ததில்லை.

எங்கள் வீடு பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சில உண்டு. எல்லோரும் அங்கேயே வலை கட்டப் போனால் வெட்டுக் குத்துதான் மிஞ்சும். அதனால் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கும் அதில் சண்டை வராத வருஷம் கிடையாது.

என் நைனா அந்தப் பட்டியல் எழுதுகிற ஆட்களில் ஒருவர். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால், ஆறாம் வகுப்பிலிருந்தே அந்த வேலை என் தலையில் விழுந்தது. பெண்களுக்குப் பாடு கிடையாது. பட்டியல் எழுதுவதற்கு மட்டும் பெண் கை ஆகும். கல்லூரிக்குப் போனதும் அதை எக்செலில் போட்டுக் கொடுத்தேன். ஊரில் யாருக்கும் பெரிதாக ஆச்சரியம் இல்லை. எழுத்து தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு சட்டம் உண்டு. உன் நாளில் காற்று அடித்தாலும், உனக்குக் காய்ச்சல் வந்தாலும், உன் முறை போனது போனதுதான். திருப்பிக் கேட்க முடியாது. கேட்க விட்டால் பட்டியல் நகரவே நகராது.

மில்லுக்கு எழுதிய சாஃப்ட்வேரிலும் அதே சட்டத்தை வைத்தேன். யோசித்துக்கூட வைக்கவில்லை. நடக்கிறவன் எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசிப்பானா? மூன்று நாளைக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் உலை. அன்று வராவிட்டால் பட்டியல் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எழுதி முடித்ததும் ரொம்பப் பெருமையாக இருந்தது.

முதல் வாரம் நன்றாகவே ஓடியது. இரண்டாவது வாரம் திங்கட்கிழமைதான் அந்த ஆறு பெயரும் இரண்டு ஆளும்.

பக்கத்து மில்

கட்டு கட்டுகிற இடத்திலிருந்து நாலு பேரை முனிரத்தினம் ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போய் உலையில் நிறுத்தினார். போனவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டவள் மாதிரி. வேலை தொடங்க முக்கால் மணி நேரம் தாமதம். சீனிவாசன் போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "இந்த வாரம் பார்ப்பேன், மேடம்."

எட்டு மணி டீயின்போது, வந்திருந்த இரண்டு பேரில் ஒருவரைத் தேடிப் போனேன். பெயர் தேசப்பன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒடிசலான உடம்பு. ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்கல்லாம் ஏங்க வரலை?" என்று கேட்டேன்.

"மெய்யாலுமே தெரியாதா மேடம்?"

"தெரியாதுங்க."

"நீங்க ஒரு மாசத்து லிஸ்ட்டை மொத்தமா ஒட்டிட்டீங்க. அவனவன் போன்ல படம் புடிச்சி வெச்சிக்கினு கீறான். ஃபர்னஸு நாளு வந்திச்சின்னா எங்கள அனுப்பற காண்ட்ராக்டருகிட்ட சொல்லிட்டு பக்கத்து மில்லுக்குப் பூட்றான். அவருக்குத்தான் பத்து மில்லுல ஆளு கீதே. அங்க நெழல்ல கட்டு கட்டிட்டு, மறுநாளு இங்க வந்தா லிஸ்ட்டு அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். பேஜாரே இல்ல."

"நீங்க ஏன் போகலை?"

டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சிரித்தார். "என் பொஞ்சாதி முழுகாம கீறா மேடம். நாளு கிட்ட வந்துட்சி. அப்போ எப்படியும் பத்து நாளு லீவு போட்ணும். இப்பவே எகிறிக்கினு இருந்தா காண்ட்ராக்டரு என்னைத் திரும்ப எடுப்பாரா? அதான், ஃபர்னஸோ கிர்னஸோ, ஒழுங்கா வந்துனு கீறேன்."

தலைகீழ்

செக்யூரிட்டி அறையில் வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். வீட்டுக்குப் போன் செய்தேன்.

"நைனா, ஏரியில யாராச்சும் தன்னோட முறைக்கு வராம இருந்துகீறாங்களா?"

"இன்னா கேள்வி இது? ஜுரம் வந்தாக்கூட தம்பிய அனுப்புவான். செத்தாத்தான் வரமாட்டான். ஏன், இன்னா ஆச்சு? நீ நாஷ்டா துன்னியா இல்லியா?"

துன்னேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஏரியில் முறை என்றால் இறால். எல்லோரும் அதற்கு முந்திக்கொண்டு வருவார்கள். முறை போனது போனதுதான் என்றால் அங்கே அது தண்டனை. இங்கே முறை என்றால் நெருப்பு. முறை போனது போனதுதான் என்றால் இங்கே அது பரிசு. ஓடிப்போகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற ஒரு சாஃப்ட்வேரை நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். ஏரிக்கரையில் பிறக்காத யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

பொன்னேரிக்குப் போய்த் திருத்தலாம் என்றால் அங்கே மின்தடை. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எங்கள் ஏரியிலிருந்தே தெரியும். கரண்ட் மட்டும் அடிக்கடி வழி தவறிவிடும். அதனால் செக்யூரிட்டிக்காரரின் ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து அங்கேயே திருத்தினேன். தவறவிட்ட முறை இனிமேல் போகாது. அவரவர் பெயரிலேயே நிற்கும். எத்தனை முறை தவறியதோ அத்தனையும் சேரும். திரும்பி வந்த நாளிலிருந்து அவை தீரும்வரை நேராக உலைதான்.

மறுநாள் காலையில் புதுத் தாளை ஒட்டினேன். முனிரத்தினம் இரண்டு தடவை படித்தார். "அப்டிப் போடுங்க மேடம்! இப்பத்தான் வழிக்கு வந்துகீறீங்க," என்றார்.

மூன்றே நாளில் உலைக்கு ஆறு பேரும் வந்தார்கள். என் காதில் விழும்படி ஒருவர், "பொம்பள ஒக்காந்துகினு நம்ம தோலை உரிக்கறா பாரு," என்றார். அதை ஒரு சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டேன். சீனிவாசன் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். "சூப்பர் மேடம். இப்பல்லாம் எவனும் லீவே போடறதில்ல," என்றார். அந்தக் காபியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஐந்து நாள்

அதே வாரத்தில் தேசப்பன் லீவில் போனார். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். நான் கவனிக்கவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. என் கவனமெல்லாம் சீனிவாசனின் மேஜையில் இருந்த கான்ட்ராக்ட் தாளில்தான்.

அவர் திரும்பி வந்த மூன்றாம் நாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டி அறைக்கு வந்தார். உதடு வெடித்திருந்தது. வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"மேடம், லிஸ்ட்ல எதுனா தப்பு கீதா பாருங்க."

பார்த்தேன். பன்னிரண்டு நாளில் நாலு முறை பாக்கி. திரும்பி வந்த பிறகு அவருடைய சொந்த முறையும் ஒன்று சேர்ந்துகொண்டது. ஆக, தொடர்ந்து ஐந்து நாள் உலை. நான் எழுதியபடியே சரியாகப் போட்டிருந்தது.

"தப்பு இல்லைங்க. நீங்க லீவுல இருந்தப்போ வந்த முறையெல்லாம் சேர்ந்திருக்கு."

"ஓடிப்போறவனுக்கு வெச்ச ரூலுன்னு சொன்னாங்க. நான் ஓடிப்போவலியே மேடம். ஆஸ்பத்திரியிலதானே இருந்தேன்."

"எனக்குத் தெரியுதுங்க."

"உங்களுக்குத் தெரியுது," என்று சொல்லி, கண்ணால் லேப்டாப்பைக் காட்டினார். "அதுக்குத் தெரியலியே."

குழந்தையைப் பற்றிக் கேட்டேன்.

"பொண்ணு. ரெண்டு கிலோகூட இல்ல. கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. இன்னும் ஊட்டுக்கு அனுப்பல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பகல்ல இங்க, சாயங்காலம் அங்க. ரெண்டு நாளா கை நடுங்குது மேடம். இடுக்கியப் புடிக்கறப்போ பயமா கீது."

"நான் பாக்கறேங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றேன்.

கையெழுத்து

நேராக சீனிவாசனின் அறைக்குப் போனேன். பாக்கி எத்தனை இருந்தாலும் ஒன்றுக்கு மேல் சேரக் கூடாது, அப்படி மாற்றிவிடுகிறேன் என்றேன். விஷயத்தையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபமாக வரும்.

"உட்காருங்க மேடம். நான் எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு நினைக்கறீங்க? பட்டியல் போட எனக்கு முனிரத்தினமே போதும். அந்த ரூலுக்காகத்தான் உங்களை வெச்சுக்கறேன். அதைத் தளர்த்தினா நாளைக்கே எல்லாருக்கும் பொண்டாட்டி பிரசவம் வந்துடும்."

"இவர் நிஜமாவே ஆஸ்பத்திரியில இருந்தவர் சார். கை நடுங்குதுங்கறார்."

"இருக்கலாம். இன்னும் ரெண்டு நாள்தானே? பழகினவன்தான், சமாளிச்சுடுவான்." மேஜை மேலிருந்த தாளை என் பக்கம் லேசாகத் தள்ளினார். "இதோ ரெடியா இருக்கு. மத்த ரெண்டு யூனிட் பேரும் போட்டிருக்கேன். இந்த ரூல் இருந்தா கையெழுத்து, இல்லைன்னா வேண்டாம். நீங்களே முடிவு பண்ணிக்கங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் எனக்குத்தான் இருந்தது. மாதம் முடிய நாலு நாள். பழைய நாற்காலி, பழைய ஸ்கேல், "வந்துட்டியாம்மா" என்கிற அந்த நல்ல மனிதரின் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"சரி சார். அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். தேசப்பனைப் பார்க்காமல் இருப்பதற்காக லாரிகள் வருகிற பின்வாசல் வழியாக வெளியேறினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன். அம்மா நண்டுக் குழம்பு வைத்தாள். "இத்தினி வருஷம் ஏரிக்கு எழுதினியே, எவனாச்சும் டப்பு குடுத்தானா? இவன் குடுக்கறான் பாரு," என்று நைனாவுக்கு ஒரே சிரிப்பு. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

தேசப்பன் மீதி இரண்டு நாளையும் முடித்துவிட்டார். அதற்கடுத்த நாள் அவர் வரவில்லை. காண்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பியிருந்தார். பட்டியலில் அந்த இடத்தில் வேறு பெயரைத் தட்டச்சு செய்தது நான்தான்.

நான் விற்றது

தொழில் வளர்ந்தது. சீனிவாசன் சொன்னபடியே இரண்டு யூனிட்டும் வந்தன. பிறகு ஒரு ஃபவுண்டரி. கவரைப்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தேன். பிறகு இன்னொரு பெண். முன் அறை போதாமல் மாடிக்கு மாறினோம்.

போகிற இடமெல்லாம் மேனேஜர்கள் முதலில் கேட்டது அந்தச் சட்டத்தைப் பற்றித்தான். ஒருவர் சொல்லி ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நான் அதற்கு ஒரு பெயர்கூட வைத்தேன், "தவறாத முறை" என்று. நோட்டீசில் பெரிய எழுத்தில் அச்சடித்தேன். புடவைக் கடைக்காரர் மடிப்பைப் பிரித்துக் காட்டுவதுபோல, ஒவ்வொரு மேனேஜருக்கும் அதை விரித்துக் காட்டினேன். நன்றாகவே விற்றது.

அந்த மாதங்களில் என்னால் எந்த இடத்திலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்ததில்லை. ரயிலில் இடம் கிடைத்தாலும் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். அலுவலகப் பெண்கள் இருவரும், "அக்கா, நீங்க நடக்கறதைப் பாத்தா எங்களுக்குத் தலை சுத்துது," என்பார்கள். செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் என் டைரியில் ஒவ்வொரு மாதமும் முதல் வரி ஒன்றுதான்: பாக்கி ஒன்றுக்கு மேல் சேரக் கூடாது. மாதம் முடியும், அந்த வரியை அடுத்த மாதத்துப் பக்கத்தில் எடுத்து எழுதுவேன். இந்த ஃபவுண்டரி கையெழுத்துப் போடட்டும், அந்த யூனிட் புதுப்பிக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் தேடுவதில் நான் கெட்டிக்காரி.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. ஐந்தாவதாக ஒரு தொழிற்சாலை வந்து சேர்ந்தது. இனி ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் கம்பெனி நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் கையை வைத்தேன். தைரியம் வந்து செய்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இன்ன தேதியிலிருந்து இந்த மாற்றம் என்று ஐந்து பேருக்கும் எழுதினேன். ஒருவர் போனில் கத்தினார். ஒருவர், அப்படியானால் கட்டணத்தைக் குறை என்றார். சீனிவாசன் பதிலே போடவில்லை. ஒருவரும் விட்டுப் போகவில்லை.

நாலு இடத்தில் அலுவலகத்தில் இருந்தபடியே மாற்ற முடிந்தது. ஐந்தாவது தொழிற்சாலையில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் இணைப்பு இல்லை. அதனால் நேரில் போனேன். வேலையை முடித்துவிட்டு வாசலுக்கு வந்தபோது மத்தியான ஷிஃப்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்று விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"மேடம்! இங்கயும் வந்துட்டீங்களா?"

தேசப்பன். கையில் ஹெல்மெட். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. அதே காண்ட்ராக்டர்தான் அவரை இங்கே அனுப்பியிருந்தார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பொண்ணு எப்படிங்க இருக்கா?"

"ஒக்காருது மேடம். பல்லு வருது. கடிக்குது," என்று தன் விரலைக் காட்டினார்.

வரிசை நகர்ந்தது. நானும் அவரோடு கூடவே நகர்ந்தேன். "அந்த ரூலை எடுத்துட்டேங்க. இனிமே எத்தனை நாள் லீவு போட்டாலும் ஒண்ணுக்கு மேல சேராது," என்றேன்.

"மெய்யாலுமா? எப்போ எடுத்தீங்க?"

"இப்பதான். உள்ள அதைப் பண்ணிட்டுத்தான் வரேன்."

"நல்லது மேடம், நல்லது." ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அத்த மாத்தறது ரொம்ப கஷ்டமோ? நானும் அப்போ அப்டித்தான் நெனச்சிக்கினேன். முடியாத வேல போலகீது, இல்லாங்காட்டி மேடம் செஞ்சிருப்பாங்கன்னு. எவ்ளோ நேரம் ஆச்சு?"

ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்?

"பத்து நிமிஷம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"பத்து நிமிஷமா," என்றார்.

பின்னால் இருந்தவர், "போப்பா, டைம் ஆவுது," என்றார். தேசப்பன் மிஷினில் விரலை வைத்துவிட்டு உள்ளே போனார்.